முகாமில் இருப்போரில் ஏற்கெனவே இந்தியர் யார் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்வோருக்குக் குடியுரிமை தர வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும் என்ற வரியோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. 2021இல் தமிழக அரசு சட்டப்பேரவையில் சொன்ன கணக்குப்படி முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும், காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே சுமார் 34 ஆயிரம் பேரும் இருந்தார்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டி டெல்லிக்கு அனுப்புவதுதான் இத்தனை ஆண்டுகளாக நடக்கும் தவறு. இவர்களில் ஒரு பகுதியினர் சட்டப்படி பிறந்த நாளிலிருந்தே இந்தியக் குடிமக்கள். அவர்களுக்கு யாரும் எதையும் வழங்க வேண்டியதில்லை, இருப்பதை ஒப்புக்கொண்டால் போதும்.

1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இதற்கு விடை இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர், படகில் வந்தார்களா விமானத்தில் வந்தார்களா என்ற கேள்விகள் இங்கே எழுவதே இல்லை (தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற விதிவிலக்குகள் முகாமுக்குப் பொருந்தா). 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு, பிறந்த நேரத்தில் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவருமே இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராகவும் இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின்போது ஊரெல்லாம் பேசப்பட்ட தேதிகள் இவைதான்.

முகாமில் இந்தத் தேதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த பெற்றோருக்கு 1985இல் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் முகாமில் ஒரு பெண் பிறக்கிறாள். அவள் பிறப்பால் இந்தியர். 1990இல் படகில் வந்த ஒருவரை மணக்கிறாள். மூத்த பிள்ளை 2004 அக்டோபரில் பிறக்கிறது, அது இந்தியக் குடிமகவு. இளையது 2007இல் பிறக்கிறது. தந்தை கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் என்பதால் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி. ஆகவே இளைய பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே கூரை. அதே பெண் 1986இல் கும்மிடிப்பூண்டியில் பிறந்த ஒருவரை மணந்திருந்தால் இரு பிள்ளைகளும் இந்தியர். முகாம் பதிவேட்டிலோ இவர்கள் அத்தனை பேருக்கும் எதிரே அகதி என்ற ஒரே சொல்தான் எழுதியிருக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்குமாறு 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவர் பெற்ற உத்தரவின் அடிப்படை அவருடைய பிறந்த தேதியும் பிறந்த இடமும் மட்டுமே. அதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வழக்குப் போட்டுத்தான் இதைப் பெற வேண்டுமா? அரசு முகாம்வாரியாக ஒரு கணக்கெடுத்தால் முடிகிற காரியம் இது.

இங்கே முட்டுக்கட்டை சட்டமல்ல, காகிதம். 1980களில் முகாமில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இருந்தால் அதில் குழந்தையின் பெயர் இருக்காது. பெயர் இருந்தால் தந்தையின் முன்னெழுத்து வேறாக இருக்கும். முகாம் அட்டையில் ஓர் ஆண்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறோர் ஆண்டு. மண்டபத்தில் பிறந்து பவானிசாகரில் வளர்ந்தவர் பவானிசாகரிலேயே தேடிக்கொண்டிருப்பார். பதிவோ ராமநாதபுரம் மாவட்டத்தில் கிடக்கும். முதலில் கேட்க வேண்டியது எந்த முகாமில் வளர்ந்தீர்கள் என்பதையல்ல, பிரசவம் எந்த மருத்துவமனையில், எந்த ஊராட்சியில் நடந்தது என்பதை. நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் என்றால் அந்த அலுவலகத்தில் பதிவேடு இருக்கும். கிராமத்தில் என்றால் அந்தக் காலத்துப் பதிவேடு பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கும். தேதி உறுதியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்துத் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் பெயரை வைத்துத் தேடாமல் தாய், தந்தை பெயரை வைத்துத் தேட வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்துப் பதிவில் பிள்ளைக்குப் பெயரே இருக்காது.

பதிவு கிடைக்காவிட்டால், பதிவு இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்வார்த்தையாக ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சான்று இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய முன்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொன்னது. 2023இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஆட்சியர், கோட்டாட்சியர் அல்லது ஆட்சியர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவர் இந்த உத்தரவைத் தரலாம். மனுவோடு வைக்க வேண்டிய ஆதாரங்களில் பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு: பணக்கொடைப் பதிவேடு, அதாவது முகாம் குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகையின் பதிவேடு. குழந்தை பிறந்ததும் அதன் பெயரைச் சேர்த்தால்தான் குடும்பத்துக்குக் கூடுதல் பணக்கொடை வரும் என்பதால், பெற்றோர் வேறு எதை விட்டாலும் அதைச் செய்திருப்பார்கள். எந்த மாதத்திலிருந்து ஒரு பெயர் சேர்க்கப்பட்டது என்பதை அரசு அலுவலரே தன் கடமையின்போது எழுதிவைத்த ஆவணம் அது. சாட்சியச் சட்டம் அதை ஏற்கிறது. அதோடு மருத்துவமனைப் பிரசவப் பதிவு, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றையும் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழைவிடச் சேர்க்கைப் பதிவேடு வலுவானது, ஐந்து வயதில் எழுதப்பட்டது என்பதால்.

பள்ளிச் சான்றிதழில் ‘இலங்கை’ என்று நாட்டினத்தைப் போட்டிருப்பார்கள். பாஸ்போர்ட் விசாரணைக்கு வரும் காவலர் அதைச் சுட்டிக்காட்டி ‘இலங்கைத் தமிழர்’ என்று அறிக்கை எழுதுவார், விண்ணப்பம் நிராகரிக்கப்படும். தலைமையாசிரியர் முகாம் அட்டையைப் பார்த்து எழுதிய ஒரு சொல் குடியுரிமையைப் பறித்துவிடாது. பிறப்பால் வந்த குடியுரிமை போக வேண்டுமானால், முறைப்படி துறக்க வேண்டும் (பிரிவு 8), அல்லது விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற வேண்டும் (பிரிவு 9), இல்லையேல் பிரிவு 10இன்படி அரசு பறிக்க வேண்டும். இதில் கடைசியது பிறப்பால் குடியுரிமை பெற்றவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. பெற்றோரோடு சேர்த்து அகதியாகப் பதியப்பட்டதும், மாதந்தோறும் பணக்கொடை வாங்கியதும் இந்த மூன்றில் எதிலும் அடங்கா. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட் சட்டத்தின் 5ஆம் பிரிவு அதைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. மேல்முறையீட்டுக்கும் ரிட் மனுவுக்கும் அந்தக் காகிதம்தான் அடிப்படை.

பிரிவு 9 பற்றி ஓர் எச்சரிக்கை. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்த சிலர், ஏதாவது ஒரு நாட்டு பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும் என்று சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கிறார்கள். வெளிநாட்டு அரசிடமிருந்து ஒருவர் பாஸ்போர்ட் பெற்றால், அதற்கு முன்பே அந்நாட்டுக் குடியுரிமையை அவர் விரும்பி ஏற்றுவிட்டார் என்பதற்கு அதுவே முடிவான சான்று என்று குடியுரிமை விதிகளின் மூன்றாம் அட்டவணை சொல்கிறது. நாற்பது ஆண்டு கையில் இருந்த இந்தியக் குடியுரிமை அந்த ஒரே கையெழுத்தில் போய்விடக்கூடும். இலங்கைக்குத் திரும்ப உறுதியாக முடிவு செய்தவர்களின் கதை வேறு. மற்றவர்கள் வழக்கறிஞரிடம் தேதிகளைச் சொல்லிக் கேட்காமல் அந்தப் படிவத்தைத் தொடக் கூடாது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. இந்தியர் அல்லாதவர் இடைத்தரகர் பேச்சைக் கேட்டு வாக்காளர் பட்டியல் படிவத்தில் ‘நான் இந்தியக் குடிமகன்’ என்று கையெழுத்திட்டால் அது குற்றம். பின்னாளில் முறையான விண்ணப்பம் போடும்போது நன்னடத்தைக் கேள்வியில் இதுவே காலை வாரும். ஆதார் அட்டை இருக்கிறதே என்பார்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது.

இங்கிருந்து இலங்கையின் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களின் கோப்பு தனியாகப் பார்க்க வேண்டியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. 1974இல் மேலும் 75,000 பேர். இலங்கையிலேயே இந்தியக் குடிமக்களாகப் பதியப்பட்டு, கப்பல் ஏறும் முறை வருவதற்குள் 1984இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனதால் அங்கேயே சிக்கியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் பிறகு படகில் வந்து அகதிகளாகப் பதியப்பட்டார்கள். அதாவது இந்தியக் குடிமக்களை இந்தியா அகதியாகப் பதிந்தது. அந்தக் குடும்பங்களில் தந்தை இந்தியராகப் பதியப்பட்ட பிறகு, 1992 டிசம்பர் 10க்கு முன் இலங்கையில் பிறந்த பிள்ளைகள் 4ஆம் பிரிவின்படி வம்சாவளியால் இந்தியர். தேட வேண்டியது தந்தையின் இந்தியப் பதிவு எண்ணையும் தேதியையும். பழைய பாஸ்போர்ட்டின் ஒரு பக்கம், தோட்டத்தில் கொடுத்த கடிதம், தாயகம் திரும்பிய உறவினரின் குடும்ப அட்டை என எதிலாவது அது இருக்கும். தாத்தா ராமநாதபுரத்துக்காரர், புதுக்கோட்டைக்காரர் என்பது மட்டும் போதாது. ‘இந்திய வம்சாவளியினர்’ என்று, பதிவு மூலம் குடியுரிமை தரும் 5ஆம் பிரிவில் பதிய, தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பாட்டியை அந்த வரையறை கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்து, 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்து, பெற்றோர் இருவருமே இந்தியர் அல்லாத தலைமுறை. கூட்டங்களில் அதிகம் கோபப்படுவது இவர்கள்தான், அதில் நியாயம் உண்டு. பார்த்ததே இல்லாத நாட்டின் அகதி என்று அட்டை வைத்திருப்பவர்கள். பிறப்புச் சான்றிதழை இலங்கைத் தூதரகத்தில் பதியாவிட்டால் அந்த நாட்டுப் பதிவிலும் அவர்கள் இல்லை. ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரையைக் காட்டித்தான் இவர்களின் விண்ணப்பங்களையும் தள்ளுகிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சட்டம் தரும் வரையறையைப் பிரிவு 2(1)(பி)இல் படித்துப் பாருங்கள்: செல்லத்தக்க ஆவணமின்றி இந்தியாவுக்குள் ‘நுழைந்த’ வெளிநாட்டவர், அல்லது முறையாக நுழைந்து காலம் கடந்தும் தங்கியவர். திருச்சி அரசு மருத்துவமனையில் பிறந்தவர் எந்த எல்லை வழியாக நுழைந்தார்? நுழையாதவரை இந்த வரையறைக்குள் கொண்டுவர முடியாது என்பதே எங்கள் வாதம். 1993இல் திருச்சியில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022இல் மதுரைக் கிளையும் அவர் இங்கேயே பிறந்தவர், ஒருபோதும் இலங்கைக் குடிமகளாக இருந்ததில்லை என்பதைக் குறிப்பிட்டு அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது.

இந்த வாதம் நின்றால், இங்கே நீண்டகாலம் வசித்தவர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் 6ஆம் பிரிவின் கதவு திறக்கும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும் இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். எட்டாவது அட்டவணை மொழி ஒன்றில் போதிய அறிவு வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாதந்தோறும் தணிக்கையில் ஆள் நிற்க வேண்டிய முகாம்வாசியைப் போல வசிப்பிடத்தை மெய்ப்பிக்கக்கூடியவர் இந்த நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் விண்ணப்பத்தோடு வெளிநாட்டு பாஸ்போர்ட் நகலும் தங்கும் அனுமதி நகலும் கேட்கிறார்கள். முகாமில் பிறந்தவருக்கு இரண்டும் கிடையாது. விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இதைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2019 சட்டத் திருத்தத்தின் கீழ் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்காக 2024 மார்ச் 11 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் விதிகளை மாற்றியது. காலாவதியான ஆவணம் செல்லும், பள்ளிச் சான்றிதழ் செல்லும், வந்த தேதியைக் காட்ட 20 வகை ஆவணங்களில் ஏதாவது ஒன்று போதும் என்றெல்லாம் தளர்த்தியது. அதே அதிகாரத்தைப் பயன்படுத்தி, முகாம் பதிவு அட்டையையும் பணக்கொடைப் பதிவேட்டின் சான்றிட்ட நகலையும் பாஸ்போர்ட்டுக்கு மாற்றாக ஏற்கலாம் என்று ஒரு விதித் திருத்தம் கொண்டுவந்தால் போதும். தமிழக அரசு டெல்லியிடம் கேட்க வேண்டியவற்றில் முதலில் வைக்க வேண்டியது இதைத்தான். எம்.பி.க்கள் கொடுக்கும் கோரிக்கைக் கடிதங்களில் இந்த ஒரு வரி இருந்தால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமாவது அமைச்சகத்துக்கு வரும்.

படகில் வந்தவர்களுக்குத்தான் உண்மையில் சட்டத் திருத்தம் தேவை. இந்தியரை மணந்திருந்தாலும், எத்தனை ஆண்டு இங்கே இருந்திருந்தாலும், சட்டவிரோதக் குடியேறி என்ற சொல் 5ஆம் பிரிவையும் 6ஆம் பிரிவையும் அவர்களுக்கு அடைத்துவிடுகிறது. 2019 திருத்தம் எப்படி எழுதப்பட்டது என்று பார்த்தால் வழி தெரியும். அதில் இரண்டு படிகள். ஒன்று, கடவுச்சீட்டு மற்றும் வெளிநாட்டவர் சட்டங்களிலிருந்து விலக்கு. இரண்டு, அப்படி விலக்குப் பெற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்பட மாட்டார் என்ற காப்புரை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழரை, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கியிருக்கிறது. முதல் படி கிட்டத்தட்ட வந்துவிட்டது. 2(1)(பி)இன் காப்புரையில் இலங்கையைச் சேர்ப்பதுதான் பாக்கி. விலக்கு ஆணையையே குடியுரிமை என்று நினைத்து முகாம்களில் இனிப்பு வழங்கியவர்களுக்கு நாங்கள் சொல்வது: அது சிறையிலிருந்து காப்பாற்றும், வாக்குரிமை தராது. பதிவு செய்யாமல் வெளியே வசிப்பவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. காவல் நிலையப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் உடனே கவனிக்க வேண்டும்.

இத்தனையையும் செய்ய ஆள் வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு இலவச சட்ட உதவி பெறுவோரைப் பட்டியலிடும்போது ‘ஒவ்வொரு நபரும்’ என்றுதான் தொடங்குகிறது. குடிமகன் என்று சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் பெண்களும் குழந்தைகளும் வருகிறார்கள். இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். 1983க்குப் பிறகு வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொற்றொடர் ஏது? ஆனாலும் மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போகும் முகாம்வாசியிடம் வருமானச் சான்று கேட்கிறார்கள். முகாம்வாசி அதை வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைகிறார். இந்த வகையினருக்கு வருமானச் சான்று தேவையில்லை. மனுவில் 12ஆம் பிரிவின் எந்த உட்பிரிவின் கீழ் உதவி கேட்கிறோம் என்பதைக் குறிப்பிட்டால் இந்த அலைச்சல் குறையும். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

முகாமில் படித்துச் சட்டப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவு குடியுரிமை கேட்பதால் அவர்களால் பார் கவுன்சிலில் பதிய முடிவதில்லை. சட்ட உதவித் தன்னார்வலராக அவர்களை எடுத்துக்கொள்ளலாமே. எந்தக் குடும்பம் எந்த ஆண்டு எந்த முகாமிலிருந்து மாறி வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டமும் குடிமக்களுக்கு மட்டுமே என்பதால், பழைய பதிவேட்டு நகல் கேட்டு முகாம்வாசி தன் பெயரில் மனுப் போட்டால் அந்தக் காரணத்தையே காட்டித் திருப்பலாம். உதவும் வழக்கறிஞரோ தன்னார்வலரோ தம் பெயரில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு போட வேண்டும். தனிநபர் விவரம் என்று மறுக்காமல் இருக்க, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் கடிதத்தை இணைக்க வேண்டும்.

அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை செய்ய வேண்டியது ஒரு முகாமில் இரண்டு நாள் வேலை. பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, பிறந்த இடம், பெற்றோர் பிறந்த தேதி, பிறந்த இடம், மலையகப் பதிவு உண்டா என ஐந்து விவரம் எழுத வேண்டும். அதை வைத்துக் கோப்புகளை நான்காகப் பிரிக்கலாம்: பிறப்பால் ஏற்கெனவே இந்தியர், மலையகப் பதிவு உள்ள குடும்பத்தினர், 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே இந்தியர் அல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர், படகில் வந்தவர். முதல் கட்டில் வருபவர்களுக்குக் கோட்டாட்சியர் முகாமிலேயே அமர்ந்து பிறப்புப் பதிவு உத்தரவு தரட்டும். அந்தக் கட்டு டெல்லிக்குப் போக வேண்டியதே இல்லை.

இப்படிக்கு,
மறுவாழ்வு முகாம்களின் குடியுரிமைக் கோப்புகளைக் கவனிக்கும் வழக்கறிஞர்கள், சட்ட உதவித் தன்னார்வலர்கள் சிலர்
திருச்சி